ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் முதன்முறையாக நிற்கும் பெண்களுக்கு: வேட்புமனு முதல் கணக்கு ஒப்படைப்பு வரை

2011ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலின்போது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த என்னிடம் குழுவைச் சேர்ந்த அக்காமார் இருவர் வந்து, நீயே நில் என்று கேட்டார்கள். ஊராட்சிச் சட்டம் எனக்குத் தெரியாது, கூட்டத்தில் பேச வராது, மகளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அடுத்த முறை நிற்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அடுத்த முறை 2016இல் வந்திருக்க வேண்டும். தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2019 டிசம்பரில்தான் வந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகும் எனக்கு ஊராட்சிச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. 2011இல் நின்று வென்ற பெண்ணுக்கும் தொடக்கத்தில் தெரியாது. பதவியில் இருந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

2019இல் நான் நின்றேன். முதலில் என் மனுவைச் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் திருத்திக் கொடுத்து, பதினேழு வாக்கு வித்தியாசத்தில் வென்று, 2025 ஜனவரி 5 வரை உறுப்பினராக இருந்தேன். அந்த அலைச்சலில் நான் அறிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். கட்டணங்களும் உச்சவரம்புகளும் 2019 தேர்தலில் தமிழ்நாட்டில் இருந்தவை. அடுத்த தேர்தலுக்கான அறிவிக்கை வந்ததும் மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடும் தொகைகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. சட்டம் கேட்கும் தகுதியை மட்டும் பாருங்கள்

உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். சட்டம் சொல்லும் தகுதியின்மைகளில் எதுவும் உங்களுக்குப் பொருந்தக் கூடாது: அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பின் பணியாளராக இருப்பது, ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தப் பணியில் பங்கு வைத்திருப்பது, கேட்பு அறிவிப்பு வந்த பிறகும் ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் வைத்திருப்பது போன்றவை அவை. அங்கன்வாடி, சத்துணவு மையம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் தங்கள் பணி இந்தத் தடைக்குள் வருமா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

ஹரியானாவில் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கு 2015 முதல் கல்வித் தகுதி உண்டு. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியும் இங்கே கிடையாது. மேடைப் பேச்சு, கணினி, ஆங்கிலம் என்று நாமாகவே நமக்கு வைத்துக்கொள்ளும் தேர்வுகள் எதுவும் எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. வார்டில் எந்தெந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்றால் வேலையின் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

2. உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்தது. எந்த வார்டு யாருக்கு என்பது மாவட்ட அரசிதழில் வெளியாகும். ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் பார்க்கலாம்.

இங்கே பலர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. பொது வார்டில் ஆண்கள் மட்டுமே நிற்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையல்ல, பொது வார்டில் யாரும் நிற்கலாம். அதுபோலவே "பெண்கள் பொது" என்று குறிக்கப்பட்ட வார்டில் பட்டியல் சாதிப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் தாராளமாக நிற்கலாம். நீங்கள் குடியிருக்கும் வார்டு உங்களுக்கு ஒத்துவராவிட்டால், அதே ஊராட்சியின் வேறு வார்டிலும் நிற்கலாம்.

3. வாக்காளர் பட்டியலைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே சரிபாருங்கள்

என் மனு திரும்பியது இந்த இடத்தில்தான். சட்டமன்றப் பட்டியலில் இருந்த பாக எண்ணையும் வரிசை எண்ணையும் வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதியிருந்தேன். உள்ளாட்சித் தேர்தலுக்கு வார்டு வாரியாகத் தனிப் பட்டியல் அச்சிடுகிறார்கள். அதில் எண் வேறு. வேட்புமனுவில் எழுத வேண்டியது இந்தப் பட்டியலின் எண்ணைத்தான். உங்களை முன்மொழிபவரின் எண்ணையும் இதே பட்டியலில் பார்த்து எழுதுங்கள்.

திருமணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெயர் பிறந்த ஊரிலேயே தங்கியிருக்கும். வாக்களிக்க ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போய்வந்து சமாளித்திருப்போம்; போட்டியிடும்போது அது உதவாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, முதன்முறையாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரிலும் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். விசாரணை, ஏற்பு, பட்டியலில் ஏறுதல் எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தேர்தல் வரும் என்ற பேச்சு எழும்போதே இதைச் செய்துவிடுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் தவறாக அச்சாகியிருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் பட்டியலில் ஒரு மாதிரியும் இருப்பதை எதிர்த்து நிற்பவர்கள் பரிசீலனை நாளில் கையில் எடுப்பார்கள்.

4. வரி பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள்

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் நடப்பு ஆண்டு வரை கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கட்டிவிடுங்கள். பரிசீலனை நாளில் வாக்குவாதம் செய்வதைவிட ரசீதைக் காட்டுவது எளிது.

5. வீட்டில் சொல்லுங்கள், ஊரிலும் சொல்லுங்கள்

பெண்கள் பலர் கடைசி நாள் வரை யாரிடமும் சொல்லாமல் தயங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தோற்றால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அது. முன்கூட்டிச் சொல்வதில் ஒரு பயன் உண்டு: உங்களுக்கு உதவக்கூடியவர் யார், தடுக்கக்கூடியவர் யார் என்பது மனு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வீட்டில் பேசும்போது நேரத்தையும் பணத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். 2019இல் டிசம்பர் 9 அன்று மனுத்தாக்கல் தொடங்கி, 16 அன்று முடிந்தது. மறுநாள் பரிசீலனை; 19 விலகலுக்குக் கடைசி நாள்; 27, 30 இரு நாட்களில் வாக்குப்பதிவு; ஜனவரி 2 வாக்கு எண்ணிக்கை. மொத்தம் இருபத்தைந்தே நாட்கள். இந்த இருபத்தைந்து நாட்களுக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, காலைச் சமையல் யார் பொறுப்பு என்று நாள்வாரியாக எழுதி வைத்தோம். என் கணவரின் தயக்கம் பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் குறைந்தது.

உங்கள் பெயரில் மனு, நிர்வாகம் முழுவதும் நான் என்று வீட்டு ஆண்கள் யாராவது சொன்னால் அதை அந்த நேரத்திலேயே மறுத்துவிடுங்கள். வென்ற பிறகு மறுப்பது மிகவும் கடினம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011இல் வெட்டப்பட்டு உயிர்பிழைத்தவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண், சுதந்திரமாக நிர்வாகம் செய்தவர். துணிந்து நில்லுங்கள் என்று உங்களிடம் சொல்லும் நான் இதை மறைத்துவிட்டுச் சொல்ல முடியாது. மிரட்டல் வந்தால் நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை எழுதிவைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான மனு ரசீதை வாங்குங்கள். நகலைத் தேர்தல் அலுவலருக்கும் கொடுங்கள். பிரசாரத்துக்கு இருட்டிய பிறகு தனியாகப் போகாதீர்கள். உங்கள் ஊரில் நிலைமை உண்மையிலேயே ஆபத்தானதாக இருந்தால், பெண்கள் அமைப்புகளையோ தொழிற்சங்கத்தையோ முன்பே தொடர்பில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

6. வேட்புமனுவை முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுங்கள்

கடைசி நாளில் கூட்டம் நெருக்கும். தவறு இருந்தால் திருத்த நேரம் இருக்காது. நான் இரண்டாம் நாளே போனதால்தான் மறுநாள் திருத்திக் கொடுக்க முடிந்தது. எந்தப் பதவிக்கு எந்த அலுவலகத்தில், எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பது அறிவிக்கையில் இருக்கும். வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய பதவிகளுக்கு இடம் மாறலாம் என்பதால் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: வேட்புமனுப் படிவம், சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகிய விவரங்களைச் சொல்லும் உறுதிமொழிப் படிவம், வைப்புத்தொகை, வாக்காளர் அட்டை, ஆதார் நகல், வரி ரசீதுகள், பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய வார்டு என்றால் சாதிச் சான்றிதழ். முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அவரையும் நேரில் அழைத்துக்கொண்டு போங்கள். கையெழுத்தில் ஐயம் கிளப்பினால் அங்கேயே தீர்ந்துவிடும். உறுதிமொழிப் படிவத்தில் யார் சான்றொப்பம் இட வேண்டும் என்பதைப் படிவம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள்; சொத்து இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வந்த ஒருவரின் மனுவைப் பற்றி எங்கள் கண்முன்னே அரைமணி நேரம் வாதம் நடந்தது.

வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 100 ரூபாய். ஊராட்சித் தலைவர் பதவிக்கு 600 ரூபாய். மேற்சொன்ன பிரிவினருக்கு 300 ரூபாய். பணம் கட்டிய ரசீதின் நகல் இரண்டு எடுத்துவையுங்கள்.

சாதிச் சான்றிதழில் பெண்கள் பலர் தடுமாறுகிறார்கள். சான்றிதழ் அப்பா பெயரில் இருக்கிறதே, இப்போது கணவர் பெயர்தானே எல்லாவற்றிலும் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம். சாதி பிறப்பால் கணக்கிடப்படுகிறது. திருமணத்தால் அது மாறுவதில்லை. அப்பா பெயரில் உள்ள சான்றிதழே செல்லும். தொலைந்துபோயிருந்தால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்; வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வரை போய் வர நாளாகும் என்பதால் மனுத்தாக்கல் வாரத்தில் ஓடாதீர்கள்.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கும் பரிசீலனை நடக்கும் இடம், நேரத்துக்கும் அத்தாட்சி தருவார்கள். அதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். தவறு இருக்கிறது என்று திருப்பினால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எந்த வரியில், என்ன தவறு, எப்படித் திருத்துவது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று என்னைத் திருப்பிய பத்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் நின்ற ஆண்கள் இரண்டு பேரையும் திருப்பினார்கள். அவர்கள் வாசலில் உட்கார்ந்து திருத்தி மீண்டும் வரிசையில் நின்றார்கள்; நான் மட்டும்தான் அழுதுகொண்டு பேருந்து ஏறினேன். திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. சிறுவயதிலிருந்து ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து அழகாக எழுதும் பழக்கம் எனக்கு. பெண் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கத்தைப் பார்த்தால் பாராட்டாதீர்கள். அடித்துத் திருத்தி மேலே எழுதச் சொல்லிக்கொடுங்கள்.

7. பரிசீலனையிலிருந்து விலகல் நாள் வரை விழிப்பாக இருங்கள்

பரிசீலனைக்கு நீங்களே போங்கள். யாராவது மறுப்புத் தெரிவித்தால் பதில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அதற்குப் பிறகு வரும் இரண்டு நாட்கள்தான் மிகக் கடினமானவை. ஊர்க்கூட்டத்தில் ஒருவரை முடிவு செய்துவிட்டோம், நீ வாபஸ் வாங்கிவிடு என்பார்கள். கோயில் திருப்பணிக்கு அதிகம் தருபவருக்குப் பதவி என்று ஏலம் பேசுவதும் சில ஊர்களில் நடக்கிறது; அது சட்டவிரோதம், அதைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடம் புகார் செய்யலாம். உறவினர் மூலமாகவும் அழுத்தம் வரும். அத்தை முறை உள்ளவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது மறுப்பது எளிதல்ல. எனக்கு அப்போது உதவியது ஒரே வாக்கியம்: "யோசித்துத்தான் நிற்கிறேன் அத்தை, தோற்றாலும் பரவாயில்லை." அதற்குமேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும்.

எக்காரணம் கொண்டும் விலகல் படிவத்தில் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

8. பிரசாரமும் செலவும்

கிராம ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சி சார்பற்ற தேர்தல் நடக்கிறது. ஆணையம் வைத்திருக்கும் தனிச் சின்னங்களிலிருந்து உங்களுக்கு ஒன்று கிடைக்கும். சின்னம் கிடைத்த அன்று மாலையே துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் வாசகத்தை முன்பே எழுதிவையுங்கள். அச்சிட்டவரின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

வார்டு உறுப்பினருக்கான செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். தலைவருக்கு 34,000 ரூபாய். எனக்கு ஆனது 6,400 ரூபாய். துண்டறிக்கை, நகல்கள், ஆட்டோ, உடன் வந்தவர்களுக்குத் தேநீர், வாக்கு எண்ணும் நாளின் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். முந்நூறு வாக்காளர் கொண்ட வார்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போய்விட முடியும்; ஒலிபெருக்கி தேவையில்லை. முதல் சுற்றில் ஓட்டுக் கேட்காமல், இந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். பேச வராது என்று எட்டு ஆண்டுகள் பயந்திருந்த எனக்குக் கேட்க வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. பணம் கொடுப்பவர்களோடு போட்டி போட முயலாதீர்கள். அது குற்றம், கடனிலும் தள்ளும்.

9. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

ஊரகத் தேர்தல் வாக்குச்சீட்டில் நடக்கிறது. ஒரே வாக்காளர் நான்கு சீட்டுகளில் முத்திரை இடுவார். எங்கள் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். முதியவர்கள் பலர் இரண்டு சின்னங்களுக்கு நடுவே முத்திரை இட்டு வாக்கை வீணாக்குகிறார்கள். வீடு வீடாகப் போகும்போது மாதிரித் தாளில் எங்கே முத்திரை இடுவது, எப்படி மடிப்பது என்று காட்டுங்கள்; பதினேழு வாக்கில் வென்றவள் என்ற முறையில் இதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

முகவர்களுக்கான படிவங்களை முன்பே கொடுங்கள். 18 முதல் 20 வயது வரை உள்ள பெண்களை முகவராக உட்கார வையுங்கள்; அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். எண்ணிக்கை இரவைத் தாண்டலாம், 2020 ஜனவரி 2 அன்று தொடங்கியது மறுநாளும் நீடித்தது. சாப்பாடு, தண்ணீர், போர்வை, கைப்பேசிக்கு மின்னேற்றி எல்லாம் எடுத்துப்போங்கள். செல்லாத வாக்கு என்று ஒதுக்கும் ஒவ்வொரு சீட்டையும் பார்க்கக் கேளுங்கள்.

10. செலவுக் கணக்கை 30 நாட்களுக்குள் ஒப்படையுங்கள்

தோற்றவர்களும் ஒப்படைக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒப்படைக்காதவர்கள் மூன்று ஆண்டுகள் வரை போட்டியிட முடியாதபடி தகுதிநீக்கம் செய்யப்படலாம். மனு கொடுக்கும் நாளிலிருந்தே ஒரு நோட்டில் அன்றன்றைய செலவை எழுதி, ரசீதுகளை அதிலேயே ஒட்டிவையுங்கள். ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

தோற்றிருந்தால் அந்தத் தெருக் குறைகள் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் யாரும் அதில் பேசலாம். நிற்க வயது வராத பெண்களும் 18 ஆகியிருந்தால் அங்கே எழுந்து ஒரு கேள்வி கேட்டுப் பழகலாம்; அவர்கள் கேட்பது ஒரே வாக்கியமாக, திக்கித் திணறியதாக இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும்.

11. வென்றிருந்தால், முதல் கூட்டத்துக்குத் தனியாகப் போங்கள்

கணவரோ மகனோ வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விடட்டும், உள்ளே உங்கள் நாற்காலியில் நீங்கள் மட்டும் உட்காருங்கள். முதல் கூட்டத்தில் எனக்குப் பாதிச் சொற்கள் புரியவில்லை. புரியாததை எழுதிவைத்து, கூட்டம் முடிந்ததும் ஊராட்சிச் செயலரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையில் ஒரு தொகை இருமுறை வந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடிந்தது.

தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுவதற்கு முன் முழுப் பக்கத்தையும் படியுங்கள். வரிகளுக்கு இடையில் வெற்றிடம் இருந்தால் கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எழுதப்படாத பக்கத்தில், வீட்டுக்குக் கொண்டுவரும் புத்தகத்தில், அவசரம் என்று சொல்லி நீட்டும் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். படிக்க நேரம் வேண்டும் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். எங்கள் ஊராட்சியில் அது நான்கைந்து கூட்டங்கள் வரை இருந்தது, பிறகு என் நாற்காலிக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.